டில்லியில் ஒரு கால், ஊரில் ஒரு கால்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒருநாள், ஷிப்டு விடும் நேரத்தில் மில் கேட்டில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றேன். ரீலிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு அம்மா நோட்டீசை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏந் தம்பி, ஓட்டு வாங்கிக்கிட்டு டில்லிக்குப் போறவங்க அங்கே போயி என்னதான் செய்யறாங்க? ஊருக்கு வந்தா கல்யாணத்துக்கும் எழவுக்கும் வர்றாங்க. அங்கே போனா கத்தறாங்க, கலையறாங்க. எங்களுக்கு என்ன ஆச்சு?"

கேட் வாசலில் இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. கூட்டத்தில் சொல்கிறேன் அம்மா என்று சொல்லி வந்தேன். அந்த அம்மா இன்று இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனவே தப்பிக்க வழியில்லை!

நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "பார்லிமெண்டாவது, சட்டசபையாவது! எல்லாம் வெறும் பேச்சு மடம். அங்கே போய் ஏழைக்கு என்ன கிடைக்கும்?" என்பது ஒன்று. "நாம் ஓட்டுப் போட்டாச்சு. இனி எல்லாவற்றையும் எம்.பி. பார்த்துக்கொள்வார்" என்பது மற்றொன்று. பார்த்தால் நேர் எதிராகத் தோன்றும். ஆனால் முடிவு ஒன்றுதான். இரண்டிலும் நாம் வீட்டில் படுத்துத் தூங்குகிறோம்!

இரண்டும் தவறு என்பதை வெறும் வாதத்தால் சொல்லப் போவதில்லை. ஒரு மனிதரின் வேலையை எடுத்துச் சொல்கிறேன். அவர்தான் தோழர் ஏ. கே. கோபாலன். நம் பெரியவர்களுக்கு அவர் ஏ.கே.ஜி.

யார் இந்த ஏ.கே.ஜி.?

கண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். குருவாயூர்க் கோயிலில் எல்லோரும் நுழைய வேண்டும் என்று நடந்த சத்தியாக்கிரகத்தில் தொண்டர் படைத் தலைவர். அந்நாளில் மலபார் ஜில்லா சென்னை ராஜதானியில் இருந்தது. 1936ல் வேலையில்லாதவர்களின் பட்டினி யாத்திரையை நடத்திக்கொண்டு, கண்ணூரிலிருந்து சென்னைப் பட்டணம் வரை கால்நடையாக வந்தவர் அவர். தலைநகரத்துக்கு ஜனங்களின் குறையை எப்படிக் கொண்டுபோவது என்பதை, ஓட்டு வாங்குவதற்கு 16 வருஷம் முன்னதாகவே கால் தேயக் கற்றுக்கொண்டவர்!

1952ல் கண்ணூரிலிருந்து லோக் சபைக்குப் போனார். 1957, 1962, 1967 மூன்று முறையும் காசர்கோடு தொகுதி. 1971ல் பாலக்காடு. ஆக 25 வருஷம் இடைவிடாமல் பார்லிமெண்ட் உறுப்பினர். 1952ல் கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் 16 பேர்தான். 1957ல் 27, 1962ல் 29. ஏறக்குறைய 500 பேர் உட்கார்ந்திருக்கும் சபையில் இது எந்த மூலைக்கு? ஓட்டு எண்ணினால் ஒவ்வொரு முறையும் தோல்விதான். அப்படிப்பட்டவர் அங்கே என்ன செய்ய முடியும்? என்ன செய்தார்? கவனியுங்கள்.

பீடி சுற்றிய விரல்களும் ஒரு மசோதாவும்

கண்ணூர் ஜில்லாவில் அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் பீடி சுற்றிப் பிழைத்தார்கள். முதலாளி மங்களூரில், இடையில் காண்டிராக்டர், கடைசியில் இலையும் தூளுமாகத் தொழிலாளி. "நீ என் தொழிலாளியே அல்ல, காண்டிராக்டரின் ஆள்" என்பார் முதலாளி. பாக்டரிச் சட்டம் எட்டாது. வார லீவு இல்லை, பிரசவ லீவு இல்லை. சுற்றிக்கொண்டு போன பீடியில் ஒரு பிடியை அள்ளி, "கழிவு" என்று தள்ளிவிட்டால் கூலியும் போச்சு, பீடியும் போச்சு. நம் திருநெல்வேலியிலும் வேலூரிலும் பீடி சுற்றும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையை ஏ.கே.ஜி. டில்லிக்குக் கொண்டு போனார். பீடி, சுருட்டுத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா என்றால் என்ன? மந்திரியாக இல்லாத ஓர் உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா. 1952 முதல் இன்றுவரை அப்படி வந்தவற்றில் இரு சபைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை 14தான். கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970ல். ஏ.கே.ஜி.யின் மசோதா அந்த 14ல் ஒன்று அல்ல.

அப்படியானால் வீண்தானே என்பீர்கள். அல்ல! மசோதா ஒன்று சபையில் வந்துவிட்டால், சர்க்கார் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வெளியே சங்கங்கள் போராடின, உள்ளே கேள்வி துரத்தியது. முடிவில் 1966ல் சர்க்காரே பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. வேலை நேரத்துக்கு வரம்பு, வார லீவு, சம்பளத்தோடு வருஷ லீவு, பிரசவ உதவி, கழிவுத் தகராறைத் தீர்க்க வழி, எல்லாம் அதில் எழுதப்பட்டன.

எழுதப்பட்டன, அவ்வளவுதான்! சட்டம் புத்தகத்தில் இருந்தால் அடுப்பில் உலை கொதிக்குமா? அதை அமுல் நடத்த வேண்டியது ராஜ்ய சர்க்கார்கள். 1967ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் இரண்டாம் முறை மந்திரிசபை அமைந்தது. அந்தச் சர்க்கார் சட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தது. உடனே முதலாளிகள் என்ன செய்தார்கள்? 1968ல் கண்ணூர் ஜில்லாவில் கடையைக் கட்டினார்கள்! சுமார் 12,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள்.

இது எப்பேர்ப்பட்ட நெருக்கடி என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே. டில்லியில் வாங்கிய சட்டமே ஊரில் வேலையைப் பறித்துவிட்டது! "உன் எம்.பி. சட்டம் கொண்டுவந்தார், உனக்குச் சோறு போச்சு" என்று முதலாளியின் ஆட்கள் வீடு வீடாகச் சொல்ல மாட்டார்களா? வேறு ஆளாயிருந்தால் கண்ணூர்ப் பக்கம் தலைகாட்டியிருக்க மாட்டார்.

ஆனால் தொழிலாளர்கள் பின்வாங்கவில்லை. 1969 பிப்ரவரியில் கூட்டுறவு அமைத்தார்கள். அதுதான் தினேஷ் பீடி. பங்குத் தொகையில் பெரும்பகுதியைச் சர்க்கார் கடனாகக் கொடுத்தது. தொழிலாளிகள் கூலியிலிருந்து தவணையாக அடைத்தார்கள். சட்டம் சொன்ன லீவும் பிற உதவிகளும் அங்கே கைக்குக் கிடைத்தன. வேலை நடக்கும்போது ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றும் பழைய வழக்கமும் தொடர்ந்தது. சில ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது வேலை கொடுத்தது. பின்னாளில் பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது, 1990களின் கடைசியில் உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களில் இறங்கியது.

முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார்கள். 1974ல் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. பீடித் தொழிலாளி கண்ணூரில் பேசிய பேச்சு டில்லியில் மசோதாவாகி, 1966ல் சட்டமாகி, 1969ல் கைக்கு எட்டி, 1974ல்தான் கோர்ட்டில் நிலைத்தது. இதில் எந்த ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் மற்றதெல்லாம் வீண். எம்.பி.யின் கை ஒரு கண்ணி. மற்றக் கண்ணிகள் யார் கையில்?

நிலத்தின் கதை

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இனி உங்கள் விஷயம்.

1957 ஏப்ரல் 5ல் கேரளத்தில் முதல் கம்யூனிஸ்டு மந்திரிசபை பதவியேற்றது. ஒரு வாரத்துக்குள் குடியானவர்களையும் குடியிருப்பாளர்களையும் நிலத்தைவிட்டு வெளியேற்றத் தடை போட்டது. 1959 ஜூனில் விவசாய உறவு மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. ஜூலை 31ல் மந்திரிசபை டிஸ்மிஸ்! மசோதா பிறகு திருத்தப்பட்டு 1961ல்தான் சட்டமாயிற்று.

அதோடு முடிந்ததா? 1961 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களில் உள்ள ரயத்துவாரி நிலங்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது! ஏன்? அந்தத் தாலுகாக்கள் 1956 வரை சென்னை ராஜ்யத்துத் தென் கன்னடத்தில் இருந்தவை. அந்த நிலம் அரசியல் சட்டம் சொல்லும் 'எஸ்டேட்' என்ற வார்த்தைக்குள் வராதாம். காசர்கோடு யாருடைய தொகுதி? ஏ.கே.ஜி.யின் தொகுதி! அவருக்கு ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர்களே, ஒரு வார்த்தையின் பொருளால் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

இந்த முடிச்சைக் காசர்கோட்டில் அவிழ்க்க முடியாது, திருவனந்தபுரத்திலும் முடியாது. அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அது டில்லியில்தான் நடக்கும். அதற்குச் சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 29 பேரால் ஆகிற காரியமா? நாடு முழுவதும் நிலச் சீர்திருத்தம் கேட்டு எழுந்த குரல்தான் காங்கிரஸ் சர்க்காரையே அதற்குத் தள்ளியது. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். 1964 ஜூனில் 17வது திருத்தம் வந்தது. ரயத்துவாரி நிலமும் 'எஸ்டேட்' என்பதில் அடங்கும் என்று எழுதப்பட்டது.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் மேலும் திருத்தப்பட்டு 1970 ஜனவரி 1ல் அமுலுக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த ஏழைக்குக் கிராமத்தில் 10 சென்ட் உரிமை. தாசில்தார் வந்து அளந்து கொடுப்பார் என்று ஜனங்கள் காத்திருக்கவில்லை. ஏ.கே.ஜி.யும் மற்றத் தலைவர்களும் அறைகூவல் விடுத்தார்கள். ஜனங்கள் தாங்களே 10 சென்ட்டை அளந்து வேலி போட்டார்கள்!

ஆனால் குறையையும் சொல்லியாக வேண்டும். நிலம் கைக்கு வந்தது பெரும்பாலும் குத்தகைக்காரர்களுக்கு. வயலில் இறங்கி நாற்று நட்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்குப் பெரும்பாலும் அந்த 10 சென்ட் குடிமனைதான். உச்சவரம்புக்கு மேற்பட்ட உபரி நிலம் எதிர்பார்த்த அளவுக்கு வந்து சேரவில்லை. ஏ.கே.ஜி. இதை அறியாதவரா? நன்றாக அறிந்தவர். அதனால்தான் 1972ல், எழுபதை நெருங்கும் வயதில், லோக் சபை உறுப்பினராக இருந்துகொண்டே, திருவனந்தபுரத்தில் முடவன்முகள் அரண்மனை நிலத்தின் மதிலேறி உள்ளே குதித்தார். உபரி நிலம் எங்கே இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியவில்லையா, இதோ காட்டுகிறேன் என்பது அதன் பொருள். கைதானார். 1974ல் கேரள விவசாயத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், வேலைப் பாதுகாப்பு, சேமநல நிதி ஆகியவை வயலில் உழைப்பவனுக்கும் உண்டு என்று அது சொன்னது.

குமுளி மழையில்

இன்னொரு சம்பவம். இது நம் எல்லையோரத்தில் நடந்தது. 1961ல் இடுக்கி மின்சாரத் திட்டத்துக்காக ஐயப்பன்கோவில் பகுதியில் குடியேறியிருந்த விவசாயிகளை வெளியேற்றினார்கள். கொட்டும் மழையில், குமுளிப் பக்கத்து அமராவதியில் கொண்டுபோய் இறக்கினார்கள். நம் உடுமலை அமராவதி அல்ல. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் மலையேறினால் வரும் குமுளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். வீடு இல்லை, கூரை இல்லை, பிள்ளைகுட்டிகளோடு சேற்றில்.

அது ஏ.கே.ஜி.யின் தொகுதியும் அல்ல, ஜில்லாவும் அல்ல. அந்த விவசாயிகளில் பலர் 1959ல் கம்யூனிஸ்டு மந்திரிசபையை எதிர்த்து நின்றவர்கள். "எனக்கு ஓட்டுப் போடாதவன் எப்படிப் போனால் என்ன?" என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. அங்கேயே போய் உண்ணாவிரதம் இருந்தார். கம்யூனிஸ்டு எதிர்ப்பில் முன்நின்ற பாதிரியார் வடக்கனும் அந்த விவசாயிகளுக்காக அவரோடு ஒரே மேடையில் நின்றார். சர்க்கார் இறங்கி வந்தது.

காலி நாற்காலிகளின் நடுவே

1975 ஜூன் 25ல் நெருக்கடி நிலை. உறுப்பினர்களே பலர் சிறையில். ஜூலை 21ல் லோக் சபை கூடியது. காலி நாற்காலிகளின் நடுவே ஏ.கே.ஜி. எழுந்து நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசினார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த காலம். நாடு அன்று அந்தப் பேச்சைப் படிக்க முடியவில்லை.

"யாரும் படிக்காத பேச்சால் என்ன பிரயோஜனம்?" மில் தொழிலாளிகளே, உங்களுக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். 8.33 சதவீதம் என்று இருந்த குறைந்தபட்ச போனஸ் 1975 செப்டம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் 4 சதவீதமாக வெட்டப்பட்டது. வாயைக் கட்டிய பிறகுதான் வயிற்றில் கை வைத்தார்கள்! 1977ல் நெருக்கடி நிலை தோற்ற பிறகு 8.33 திரும்பி வந்தது. பேச்சு உரிமைக்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1977 மார்ச் 21ல் நெருக்கடி நிலை முற்றாக விலக்கப்பட்டது. மறுநாள் 22ல் ஏ.கே.ஜி. கண்ணை மூடினார்.

என் தவறு ஒன்று

தோழர்களே, மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் நான், என் தவறையும் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மில்லில் தொழிலாளர் சம்பளத்தில் பி.எப். பணம் பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை. ஒரு எம்.பி.க்கு மகஜர் எழுதும் பொறுப்பு எனக்கு. நான்கு பக்கம் எழுதினேன். "கொடுமை", "அக்கிரமம்", "இரத்தம் கொதிக்கிறது" எல்லாம் இருந்தன. எந்த மாதம் முதல் கட்டவில்லை, எத்தனை பேருக்கு, கணக்கு நம்பர் என்ன, ஒன்றும் இல்லை! எம்.பி. அதைத் திருப்பி அனுப்பினார். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன கேள்வி போடுவது? விவரம் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்.

விவரம் சேகரித்து முடிப்பதற்குள் அந்தக் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அடுத்த தொடரில் கேள்வி போனது, பதில் வந்தது, ஆபீசர்கள் மில்லுக்கு வந்தார்கள். ஆனால் அந்த இடைவெளியில் வைண்டிங் பகுதியில் ஓர் அம்மா வேலையிலிருந்து நின்றார். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தார். கந்துவட்டிக்கு வாங்கினார். பணம் பிறகு வந்தது, வட்டி தின்றது போக. அந்தக் கடனில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நினைக்கிறேன்.

பார்லிமெண்டில் மந்திரி நேரில் எழுந்து பதில் சொல்லும் கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான் பட்டியலில் ஏறும். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். இரண்டு வாரத்துக்கு முன்பே கேள்வியைக் கொடுத்தாக வேண்டும். மத்திய சர்க்கார் பொறுப்பில் உள்ள விஷயமாகவும் இருக்க வேண்டும். பி.எப்., இ.எஸ்.ஐ. பற்றி அங்கே கேட்கலாம். ஊர்ச் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி அங்கே கேட்க முடியாது, அது வேறு இடம். உறுப்பினரின் மேலொப்பத்தோடு ஜனங்களே லோக் சபைக்கு மனுச் செய்யவும் வழி இருக்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டாமா?

இன்று எம்.பி. என்றாலே தொகுதி நிதிதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. 1993ல் ஆரம்பித்தது அது. 2011-12 முதல் வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் ஆயிற்று. பஸ் நிறுத்தக் கூரையும் பள்ளிக்கட்டடமும் வேண்டியவைதான். ஆனால் ஏ.கே.ஜி. காலத்தில் அப்படி ஒரு பைசா கிடையாது. இருந்தும் பீடித் தொழிலாளிக்குச் சட்டம் வந்தது. கூரையின் மேல் பெயர் எழுதுவதோடு எம்.பி.யின் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிட்டால், நஷ்டம் நமக்குத்தான்.

செய்ய வேண்டியது

ஆகவே நான் கேட்டுக்கொள்வது மூன்றே விஷயங்கள்.

ஒன்று: ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். குறை, தேதி, பெயர், தொகை நான்கையும் எழுதுங்கள்.

இரண்டு: எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும், ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் போய்க் கணக்குக் கேளுங்கள். என்ன கேள்வி போட்டீர்கள்? என்ன பதில் வந்தது? எதற்கு ஓட்டளித்தீர்கள்? நம் கட்சி உறுப்பினரிடம் இரண்டு மடங்கு கேளுங்கள்!

மூன்று: பதில் வந்துவிட்டது, சட்டம் வந்துவிட்டது என்றால் அன்றே கலைந்துவிடாதீர்கள். அன்றுதான் ஊரில் வேலை ஆரம்பம். வேலியை நாம்தான் போட வேண்டும்.

முன்வரிசையில் இருக்கும் அம்மாவுக்கு என் பதில் இதுதான். டில்லிக்குப் போகிறவர் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். நாம் எதைக் கொடுத்து அனுப்பினோமோ அதைச் செய்கிறார். வெறுங்கையோடு அனுப்பினால் வெறுங்கையோடு வருவார். கேட்காமல் விட்டால், வராமலும் இருந்துவிடுவார். அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை உங்கள் பெயரிலேயே ஆரம்பிப்போம், அம்மா. கூட்டம் முடிந்ததும் வாருங்கள். இன்றைக்குப் பேனாவைச் சரியாகப் பிடிக்கிறேன்.